வாகை மரத்தடி வாங்கு

செவ்வாய்க்கிழமை மத்தியானம் லண்டன் குட்மேய்ஸ் மீன்கடையொன்றில் விளைமீனை வெட்டக் கொடுத்துவிட்டு நின்றேன். மோர்டனிலிருந்து மலர் அக்கா ஃபோன் எடுத்தார். தாசண்ணை வாடகைக்கு இருந்த அறை அவருடைய வீட்டில்தான். "தம்பி, தாசன் காலமை எழும்பேல்லை. அம்புலன்ஸ்காரர் வந்து பாத்திட்டு முடிஞ்சுதெண்டு சொல்லிப்போட்டினம். வாருமப்பு" என்றார். மீன் வெட்டுகிறவர் "தலையும் போடவோ அண்ணை?" என்று கேட்டுக்கொண்டு நின்றார். போடுங்கோ என்றேன். பிறகு மீனை எடுக்காமலே ரயில் ஏறிவிட்டேன்.

முப்பத்தோராம் நாள் நினைவுப் புத்தகத்தில் போட நாலு வரி எழுதித் தரும்படி அக்கா கேட்டிருக்கிறார். "நல்ல மனிசன், ஒருத்தருக்கும் கெடுதல் நினையாதவர் எண்டு எழுதினால் காணும் தம்பி." உண்மைதான். ஆனால் அவருக்கு நாங்கள் என்ன செய்தோம் என்பதையும் ஒருவர் எழுதத்தானே வேண்டும்? நான்தான் எழுதவேண்டும், தொடக்கி வைத்தவன் நான்.

தாசண்ணையை உங்களில் பலருக்கு அவருடைய வரைபடத்தால்தான் தெரியும். அகதியாக வந்த எங்களுக்கு இந்த நாடு தந்த பயணப் புத்தகத்தில் எல்லா நாட்டுக்கும் போகலாம், பிறந்த நாட்டைத் தவிர. ஊரில் இருக்கும் தாய் தகப்பனுக்கோ லண்டன் விசா எத்தனை முறை போட்டாலும் மறுப்புத்தான். ஆகவே அவர்கள் அங்கிருந்து புறப்பட, நாங்கள் இங்கிருந்து புறப்பட, நடுவில் தாய்லாந்தில் பத்து நாள் சந்திப்போம். பட்டயா மலிவு, அறைக்குள் சமைக்கலாம், கடலும் உண்டு. பெற்ற தாயைப் பார்க்கப் பட்டயாவுக்குப் போகிறோம் என்றால் வேலையிடத்து வெள்ளைக்காரர்கள் கண்ணடித்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

லண்டனுக்கு ஏற்றிவிடுவதாகக் காசு வாங்கிய ஏஜென்சிக்காரன் தாசண்ணையை அந்தப் பட்டயாவில் இரண்டு வருடம் விட்டுவிட்டுப் போயிருந்தான். சாப்பாட்டுக் கடையொன்றில் கோப்பை கழுவி, அந்த மொழியையும் பிடித்துக்கொண்டு, பிறகு ஒருவாறு லண்டன் வந்து சேர்ந்தார். இங்கே பதினாறு வருடம் அவருடைய வழக்கு இழுபட்டது. வேலை செய்ய விட்டார்கள், நாட்டைவிட்டு வெளியே போக விடவில்லை. மோர்டன் பெற்றோல் நிலையத்தில் நானும் அவரும் ஒரே ஷிப்டில் நின்றோம். தான் போக ஏலாத ஊருக்கு எங்கள் எல்லோருக்கும் வழி சொல்லித் தந்த மனிதர் அவர்.

கோயில் கலண்டர் தாளின் பின்பக்கத்தில்தான் வரைவார். எந்த விடுதியில் படி குறைவு, எந்தக் கடைக்காரி கேட்டால் குழைய அவித்த சோறு தருவாள், சக்கர நாற்காலி எந்த ஒழுங்கையால் போகும், எல்லாம் அதில் இருக்கும். குடியும் கூத்துமான அந்தத் தெருவைச் சிவப்பால் வெட்டி, "அம்மாமாருக்கு ஆகாது" என்று எழுதியிருப்பார். ஒரு மாமனார் அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்துத்தான் அப்படியொரு தெரு இருப்பதையே கண்டுபிடித்தார். அவர் நடைக்குப் போய் மூன்று மணித்தியாலம் கழித்து வந்த கதையைச் சொல்லிச் சொல்லி அண்ணை கண்ணீர் வரச் சிரிப்பார்.

ஆனால் வரைபடம் முழுவதும் போய்ச் சேர்வது ஓர் இடத்தில்தான். கடற்கரையோரம் ஒரு வாகை மரம், அதன் கீழே நாலு பேர் இருக்கக்கூடிய சீமெந்து வாங்கு. கோப்பை கழுவி முடித்த பின்னேரங்களில் இரண்டு வருடமும் அதில்தான் இருந்தாராம். "நல்ல நிழல் தம்பி. அம்மாவை ஒருநாள் கொண்டுபோய் அதிலை இருத்தவேணும். வேறை ஒண்டும் வேண்டாம்" என்பார். வரைபடத்தில் அந்த வாங்குக்கு மட்டும் நான்கு கால் போட்டு, பக்கத்தில் மரத்தையும் இலை இலையாகக் கீறியிருப்பார்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நான் அம்மாவையும் ஐயாவையும் பார்க்கப் போனேன்; வரைபடத்தோடு போன முதல் ஆள் நான்தான். தாளை விரித்துப் பிடித்தபடி போய்ப் பார்த்தால் ஒன்றும் இல்லை. விடுதி இருந்த இடத்தில் கார்த் தரிப்பிடம். சோறு தரும் கடைக்காரி இல்லை. கடற்கரை வீதியை அகட்டி, வாகை மரம் நின்ற இடத்தில் உயரமாக ஒரு கட்டடம் எழுப்பியிருந்தார்கள். வாங்குமில்லை, நிழலுமில்லை. என் மனைவி சுகந்தி ஃபோனைப் பார்த்து வேறு இடம் பிடித்தாள். எங்களுக்கு ஒரு குறையும் வரவில்லை.

திரும்பி வந்த அன்று அண்ணை தேத்தண்ணியும் ஆட்டிறைச்சி ரோல்ஸும் வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். என்னை மூச்சுவிட விடவில்லை. "வாங்கு இருந்ததோ? அம்மாவை இருத்தினீரோ?" அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஓம் அண்ணை, இருந்தது. நல்ல நிழல்" என்றேன். பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடையாது என்பார்கள். எனக்கு இரண்டு ரோல்ஸ் கிடைத்தது.

அத்தோடு நிறுத்தினேனா? எனக்குப் பிறகு போய் வந்த ஒவ்வொருவரையும் பிடித்து, "மனிசன் அதிலைதான் சீவிக்குது, சொல்லிப்போடாதேங்கோ" என்று கெஞ்சினேன். நீங்களும் சொல்லவில்லை. வாகை மரம் பூத்திருந்தது என்று ஒருவர் சொன்னார். வாங்குக்குப் பச்சை அடித்திருக்கிறார்கள் என்று இன்னொருவர். வேறு எங்கோ ஒரு மரத்தடியில் தாயை நிறுத்திப் படமெடுத்து வந்து காட்டியவரும் உண்டு. ஃபோனில் பார்த்திருக்கலாமே என்று இப்போது கேட்பவர்களுக்கு: "நான் நடந்த தெருவை ஃபோனிலையோ பாக்கிறது? ஆக்கள் போய் வந்து சொல்லினம்தானே" என்பார். எங்களை அவ்வளவு நம்பினார். அதற்குப் பெயர் இரக்கம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஆறு வருடத்துக்கு முன் வழக்கு முடிந்து அவருக்கும் பயணப் புத்தகம் கிடைத்தது. தாயாருக்கு அப்போது எண்பத்தொரு வயது, இரண்டு முழங்காலும் சரியில்லை. புறப்படுவதற்கு முதல் நாள், எப்படியும் சொல்லிவிடுவது என்று அவர் அறைக்குப் போனேன். கட்டிலில் ஐந்து சேர்ட்டை அயர்ன் பண்ணி அடுக்கியிருந்தார். தாயாருக்கு வாங்கிய மெத்தென்ற சப்பாத்தைக் கையில் வைத்து அமத்திக் காட்டினார். "இதைப் போட்டால் வாங்கு மட்டும் நடப்பா, என்ன?" நான், "வழியை ஒருக்கால் ஃபோனிலையும் பாருங்கோ அண்ணை" என்றேன். "எனக்கோ? அந்த ஊரிலையோ?" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வந்தேன். அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் என்னை நானே செருப்பால் அடிக்கவேண்டும் போல் இருக்கிறது.

பட்டயா போய்ச் சேர்ந்த இரண்டாம் நாளே தாயாரைக் கூட்டிக்கொண்டு வாங்கைத் தேடிப் போயிருக்கிறார். வெயில். இதோ அடுத்த முடக்கில், இதோ அடுத்த முடக்கில் என்று சொல்லிச் சொல்லி நடத்தியிருக்கிறார். நாங்கள் எல்லோரும் இருக்கிறது என்று சொன்ன வாங்கல்லவா? இல்லாமல் போகுமா? தாயார் களைத்து, தலை சுற்றி, வீதியோரத்தில் விழுந்தார். இடுப்பெலும்பு உடைந்தது. கிட்டத்தட்ட இருபது வருடத்துக்குப் பிறகு கிடைத்த பத்து நாளில் மிச்சம் எட்டு நாளும் ஆஸ்பத்திரி வாட்டில் போயிற்று. சக்கர நாற்காலியில் விமானம் ஏறிய தாயார் ஐந்து மாதத்தில் யாழ்ப்பாணத்தில் காலமானார். அண்ணைக்குச் செத்தவீட்டுக்கும் போக ஏலாது. மோர்டன் அறையில் ஃபோனைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு, அதன் முன்னால் வேட்டியோடு நின்று தாய்க்குக் கைகூப்பினார். அன்று பக்கத்தில் நின்றவன் நான்.

தாய்லாந்திலிருந்து வந்த கிழமை என்னிடம் ஒரே ஒரு முறை அதைப் பற்றிப் பேசினார். "எல்லாம் மாறிப்போச்சு தம்பி. நீங்கள் எல்லாரும் போகேக்கை இருந்ததுதானே? கிட்டடியிலைதான் இடிச்சிருக்கிறாங்கள் போலை." என் முகத்தை அவர் பார்க்கவில்லை. சிகரெட் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே கேட்டார். காலில் விழுந்திருக்கவேண்டிய நான், "ஓம் அண்ணை, கிட்டடியிலைதான்" என்றேன். அதன் பிறகு ஆறு வருடம் வாரத்தில் ஐந்து நாள் அவரோடு சேர்ந்து சாப்பிட்டேன். ஒரு நாளும் சொல்லவில்லை.

பிறகு யார் பட்டயாவுக்கு வழி கேட்டாலும், "ஃபோனைப் பாத்துப் போங்கோ ராசா, அதுதான் சரியாய்ச் சொல்லும்" என்பார். அவர் எங்களைத் திட்டியது என்றால் அது ஒன்றுதான். அப்போது எனக்கு அது திட்டு என்று தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை அவருடைய அறைக்குள் போனபோது கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு கலண்டர் தாள் ஒட்டியிருந்தது. தாயாரோடு போய்த் திரும்பி வந்த பிறகு வரைந்த வரைபடம். விடுதி இருந்த இடத்தில் "கார்த் தரிப்பிடம்" என்று எழுதியிருந்தார். கடற்கரை வீதியில், முன்பு இலை இலையாய் மரம் கீறிய இடத்தில் வெறும் பெட்டி ஒன்று. அதற்குள் சின்ன எழுத்தில்: "வாங்கு இல்லை. நிழல் இல்லை. அம்மா இதிலை விழுந்தவ." அதன் கீழே இன்னொரு வரி: "கட்டடம் கட்டிப் பத்து வருசமாம். பக்கத்துக் கடைக்காரி சொன்னவ."

அவருக்கு அந்த மொழி தெரியும் என்பதை நாங்கள் ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. தாய் விழுந்த அன்றே கேட்டிருக்கிறார். கட்டடம் எழும்பி நாலு வருடத்துக்குப் பிறகு போய் வந்த நான், நல்ல நிழல் என்று சொன்னது பொய் என்று அன்றே அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டுதான் லண்டனுக்கு வந்து, கிட்டடியிலை இடிச்சிருக்கிறாங்கள் என்று நான் தப்பிக்க எனக்கு ஒரு சாட்டு எடுத்துத் தந்தார். நான் அதையும் வாங்கிக்கொண்டேன். நானாகச் சொல்வேன் என்று எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தாரோ தெரியாது.

அந்தத் தாளைக் கிழியாமல் பெயர்த்தெடுத்து வந்துவிட்டேன். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். வருகிற மாதம் சுகந்தியின் தாயார் பட்டயாவுக்கு வருகிறார், நாங்கள் போகிறோம். அந்த இடத்தில் நான் போய் நிற்பேன். அங்கே சொல்லவேண்டியதை அதுவரை வைத்திருக்க ஏலாது. இங்கேயே, உங்கள் எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிடுகிறேன்.

அண்ணை, வாங்கு இருக்கேல்லை. நான் போகேக்கையே இருக்கேல்லை.