வெளியே என்றால் எது?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தபோது, நான் கால்பந்து நடுவரானேன். ஆடத் தெரிந்ததால் அல்ல. தொழிற்சாலை அணியில் பல ஆண்டுகள் மாற்று ஆட்டக்காரனாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். யாருக்காவது கால் சுளுக்கினால்கூட, என்னை இறக்காமல் சுளுக்கிய காலையே இறுகக் கட்டி அனுப்பினார்கள். நடுவர் தேர்வு எழுதினால் மைதானத்துக்குள் நிற்பது உறுதி என்று ஒரு நண்பன் சொன்னான். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண். ஓட்டத் தேர்வில் வாந்தி எடுத்தேன். ஆனால் கோட்டைத் தாண்டிய பிறகு எடுத்ததால் தேர்ச்சி கொடுத்துவிட்டார்கள்.

கறுப்புச் சட்டையும் கறுப்பு அரைக்கால் சட்டையும் போட்டுக் காட்டியபோது, பேண்ட்டைத் தொலைத்துவிட்டு வந்த வக்கீல் மாதிரி இருப்பதாக என் மனைவி சொன்னாள். நாங்கள் இருவரும் திருநெல்வேலிப் பக்கம். அங்கே உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவார்கள்.

முதல் ஆட்டம் முத்தாபுதுப்பேட்டைப் பக்கம், ஒரு பொட்டலில். பதினாலு வயதுக்கு உட்பட்ட பையன்கள். ஓர் அணி பூந்தமல்லியிலிருந்து வந்திருந்தது. அதன் பயிற்சியாளரின் முன்கை என் தொடை அளவு இருக்கும். ஆட்டம் தொடங்கியதிலிருந்து ஓரக்கோட்டில் நின்று திட்டிக்கொண்டே இருந்தார். ஒரு பையன் பந்தைத் தவறவிட்டால் அவன் அப்பாவுக்கு ஒரு வசை, அடுத்தவன் தவறவிட்டால் அவன் பரம்பரைக்கே. பயிற்சியாளர் நாகரிகமாக நடக்காவிட்டால் அவரை வெளியேற்றலாம் என்ற விதி எனக்கு மனப்பாடம். அதனால் அவர் வாய் திறக்கும்போதெல்லாம் மறுபக்கமாகப் பார்த்து மும்முரமாக ஓடினேன்.

அந்த அணியின் தடுப்பாட்டப் பையன் ஒருவன், இருப்பதிலேயே சின்னவன், பந்தைக் கோட்டைவிட, எதிரணி கோல் போட்டது. பயிற்சியாளர் தண்ணீர் கொடுப்பதுபோல அவனைக் கூப்பிட்டு ஓங்கி அறைந்தார். நடுவட்டத்தில் நின்ற எனக்கே சத்தம் கேட்டது. பையன் கன்னத்தைக்கூடத் தொடவில்லை. திரும்பி வந்து தன் இடத்தில் நின்றுகொண்டான். அவனுக்கு அது பழகிப்போயிருந்தது. அதுதான் என்னை ஓரக்கோட்டை நோக்கி ஓட வைத்தது.

ஓடிய வேகத்தில் மஞ்சள் அட்டையை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இன்னா சார், எனுக்கா கார்டு காட்ற? அது ஆடுற பசங்களுக்கு. ரூல தெரிஞ்சிகினு வா சார்" என்றார் நிதானமாக.

அவர் சொன்னது சரி. அப்போதைய விதிப்படி பயிற்சியாளருக்கு அட்டை கிடையாது. அதைப் பைக்குள் வைக்கப்போய்க் கீழே போட்டேன். அவரே குனிந்து எடுத்து என் கையில் கொடுத்தார்.

கோபம் வந்தால் எனக்கு ஊர்ப் பேச்சு வந்துவிடும். "சின்னப் புள்ளய அடிக்கப்பிடாது. வெளிய போங்க."

"வெளியன்னா எது சார்? இங்க செவுரு கீதா, கேட்டு கீதா? நான் நிக்கறதே வெளியதான்."

சுற்றிலும் பார்த்தேன். முள்செடி, மாடுகள், தூரத்தில் சாலை. ஒரு வேப்பமரத்தைக் காட்டினேன். அந்தப் பொட்டலிலேயே நிழல் இருந்த ஒரே இடம் அது. அவர் போய் உட்கார்ந்ததும் யாரோ ஸ்டூல் கொண்டுவந்து போட்டார்கள். மைதானம் முழுக்க அங்கிருந்து நன்றாகத் தெரிந்ததால் வசவும் குறி தவறாமல் வந்தது. மறுபடி ஆட்டத்தை நிறுத்தி அவரைச் சாலைக்கு அனுப்பினேன். திட்டிக்கொண்டே, எங்களைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்தே போனார். சாலையிலிருந்தும் குரல் வந்தது. அது அடங்கும்வரை ஆட்டம் இல்லை என்று அறிவித்தேன். அடங்கவில்லை. பையன்கள் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். வேடிக்கை பார்த்தவர்கள் இப்போது என்னைத் திட்ட ஆரம்பித்தார்கள். அடுத்து என்ன செய்வதென்று விதிப் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

பூந்தமல்லி அணியின் கேப்டன், கோல்கீப்பர் பையன், எழுந்து சாலையை நோக்கி நடந்தான். அணி மொத்தமும் பின்னால் போனது. அறை வாங்கியவனும் போனான். கைகலப்பு வந்தால் விலக்கிவிடலாம் என்று, விலக்கத் தேவையில்லாத தூரத்தில் நானும் போனேன்.

"சார், அவன அடிச்சா நாங்க யாரும் ஆட மாட்டோம் சார்" என்றான் கேப்டன். "நீங்க டீ குட்ச்சிட்டு வாங்க. நாங்க ஆடிக்கிறோம்."

அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். சாலையோர டீக்கடைக்குப் போய், மைதானத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டார்.

அவர் போனபின் அணி பிரமாதமாக ஆடி ஜெயித்தது என்று சொல்ல ஆசைதான். இன்னொரு கோல் வாங்கித் தோற்றார்கள். ஆனால் அந்தக் கோல் விழுந்தபோது யாரும் பயந்து ஓரக்கோட்டைப் பார்க்கவில்லை.

நடந்ததை எழுதி கால்பந்துச் சங்கத்துக்குக் கொடுத்தேன். கேப்டன்தான் சமாளித்தான் என்று தெளிவாகவே எழுதியிருந்தும், சங்கச் செயலாளர் என் அடக்கத்தைப் பாராட்டினார். பயிற்சியாளரை எச்சரித்து விட்டுவிட்டார்கள். ஓரக்கோட்டுக்கு வெளியே சற்றுத் தள்ளி இன்னொரு சுண்ணாம்புக் கோடு போட்டு, பயிற்சியாளர்கள் அதைத் தாண்டக்கூடாது என்றார்கள். பூந்தமல்லிக்காரர் கால் கட்டைவிரலைக் கோட்டின் மேலேயே வைத்து நின்று கத்தினார். வாய் மாறவில்லை. கை மட்டும் பையன்களுக்கு எட்டவில்லை.

அடுத்த பந்தயத்தில் அந்தச் சின்னவனைக் காணோம். கேப்டனிடம் விசாரித்தேன்.

"அவன் கிரிக்கெட் ஆட போய்ட்டான் சார்" என்றான். "அங்க கோச்சே கெடையாதாம்."