மாமா மாட்டிய கிளட்ச்

புக்கிட் ரோத்தானை ஒட்டிய எங்கள் தோட்டத்தில், எங்கள் லயத்து வீட்டு வரிசையில் கார் வைத்திருந்தது அப்பா ஒருவர்தான். தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ஓட்டிச் சலித்துப்போய் விற்ற பழைய கார் அது. எண்பதுகளின் தொடக்கத்தில் எங்களுக்கு அதுவே பெரிய பெருமை. மேட்டில் ஏறும்போது என்ஜின் சத்தம் மட்டும் முன்னால் போகும். கார் யோசித்துக்கொண்டே பின்னால் வரும். கிளட்ச் தட்டு தேய்ந்துவிட்டது, மாற்றியாக வேண்டும் என்றார் மாமா.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கோலா சிலாங்கூரில் ஒரு கார் பட்டறையில் வேலை. வேகமாகப் போகும் எதைப் பார்த்தாலும் அவருக்குக் கண் கலங்கிவிடும். தட்டை மட்டும் மாற்றச் சொல்லிவிட்டு அப்பா தோட்டத்து லோரியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனது அவருடைய அப்பாவித்தனம்.

அந்தச் சனிக்கிழமை மாமா பட்டறைச் சிநேகிதர் ஒருவரை அழைத்துக்கொண்டு வந்து, ரம்புத்தான் மரத்தடியில் காருக்கு அடியில் படுத்து கியர் பெட்டியை இறக்கினார். கழற்றிப்போட்ட பழைய இரும்புச் சக்கரத்தை நான் தூக்கப் பார்த்தேன்; அசையவில்லை. புதிதாக மாட்டப்போவதாகச் சொன்னதை முழங்கால் வரைக்கும் தூக்கிவிட்டேன்.

“இதான் ஃப்ளைவீல். என்ஜினுக்குப் பின்னால சுத்துறது. பட்டறை முதலாளி தவுக்கேகிட்ட கெஞ்சி, கனத்தைச் சீவிக் குறைச்சிட்டேன். இனிமே எண்ணெயை மிதிச்ச உடனே என்ஜின் பாயும் பாரு,” என்றார் மாமா.

வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்த அத்தை நிமிர்ந்தாள். “காலை எடுத்தா?”

“வேகம் உடனே இறங்கிடும்கா. கனம் இருந்தாத்தானே தானா சுத்திக்கிட்டு இருக்கும்? கிளட்சும் கெட்டி கிளட்ச். பதமா விடணும், அவ்வளவுதான் லா.”

அத்தை அப்பாவின் தங்கை. அம்பாங் பெச்சாவில் வாழ்க்கைப்பட்டவள். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு பையோடும் கட்டுப்போட்ட கையோடும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். குளியலறையில் வழுக்கி விழுந்ததாக அம்மா என்னிடம் சொல்லியிருந்தாள். அம்பாங் பெச்சாவில் குளியலறைகள் அவ்வளவு மோசம்போலிருக்கிறது என்று நானும் நம்பினேன். அவளை மறுபடி கொண்டுபோய் விடும்படி, தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் மண்டோரும் உறவுக்காரப் பெரியவர்களும் பேசி முடித்திருந்தார்கள். கோயில் வாசலில் வைத்துக் கேட்டதால் அப்பாவும் தலையாட்டிவிட்டு வந்திருந்தார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமைதான் அந்த நாள்.

சாயங்காலம் அப்பா காரை எடுத்தார். கார் ஒரு குதி குதித்து நின்றது. மறுபடி எடுத்தார், மறுபடி குதித்து நின்றது. லயமே வேடிக்கை பார்த்தது.

“நான் என்ன பந்தயத்துக்கா போறேன்? தட்டை மாத்துன்னா நீ ஏண்டா என் காரையே மாத்தி வச்சிருக்க?” என்று அப்பா கத்தினார். மாமா, பழகினால் சரியாகிவிடும் என்று முணுமுணுத்தார்.

ஞாயிறு காலை புறப்பட்டோம். பிள்ளை கூடப் போனால் அங்கே குரல் உயராது என்று அம்மா என்னையும் ஏற்றிவிட்டாள். பின்னிருக்கையில் அத்தையும் நானும், நடுவில் அவள் பை, என் மடியில் முறுக்கு டப்பா. தோட்டத்து முகப்பில் கார் நின்றது. புக்கிட் ரோத்தான் கடைகளுக்கு முன்னால் நின்றது. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துத் தீர்த்தது. நிற்கும் ஒவ்வொரு முறையும் அப்பா கிளட்சைத் திட்டிவிட்டு, உடனே கிளப்பாமல், கண்ணாடியில் அத்தையைப் பார்த்தார். அத்தை வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்தாங் பெர்ஜுந்தை சந்திக்குக் கொஞ்சம் முன்னால் கார் மறுபடி நின்றபோது, அப்பா சாவியைத் திருப்பவேயில்லை.

“உனக்கு ஓட்ட வருமில்ல?”

“அவரு முடியாம படுத்துக் கிடந்தப்பல்லாம் காய்கறி வேனை நான்தானேண்ணே மார்க்கெட்டுக்கு ஓட்டிக்கிட்டுப் போனேன். லைசென் இருக்கு.”

“இந்தக் கிளட்ச் எனக்கு ஒத்து வரல. நீ வந்து ஓட்டு.”

இருவரும் இடம் மாறினார்கள். அத்தை செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். கிளட்சை மிதித்து, மெல்ல விட்டு, மறுபடி மிதித்துப் பார்த்தாள். என்ஜினைக் கிளப்பினாள். கார் ஒரு குலுங்கல்கூட இல்லாமல் நகர்ந்தது. நான் கைதட்டினேன்.

சந்தியில் நிறுத்தினாள். பின்னால் வண்டி எதுவும் இல்லை.

“எங்கண்ணே போகட்டும்?”

அப்பா பக்கத்துச் செம்பனை மரங்களையே பார்த்துக்கொண்டு சொன்னார்: “ஓட்டுறவ நீ. என்னை ஏன் கேக்குற?”

அத்தை கிளட்சை மிதித்தபடியே கியரைப் போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள். மாமா மாட்டிய கிளட்ச் அவளுக்கும் ஒத்து வரவில்லை என்று நினைத்தேன். பிறகு அவள் ஒரு கடை வாசலில் காரை வளைத்தாள். வந்த வழியே வீட்டுக்குத் திரும்பினோம். நேர்ச்சாலையில் அவள் கியரை மாற்றி மாற்றி வேகம் எடுத்தபோது என் பின்னல் காற்றில் அவிழ்ந்தது. மெதுவாகப் போ என்று அப்பா ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பின்னால் கை நீட்டி முறுக்கு கேட்டார்.

சாயங்காலம் மண்டோர் வந்துவிட்டார்.

“கார் பாதியிலயே மக்கர் பண்ணிருச்சுங்க,” என்றார் அப்பா.

“லோரி ஓட்டுறவனுக்குக் கார் ஓட்ட வரலையா?”

“எல்லாம் இவன் பாத்த வேலைங்க.”

மாமா தலையைக் குனிந்து நின்றார். மண்டோர் திட்டியதையெல்லாம் வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகும் யார் கேட்டாலும், காரை இன்னும் சரிசெய்யவில்லை என்பதே அப்பாவின் பதிலாக இருந்தது. கேட்கிறவர்களும் மெல்ல ஓய்ந்தார்கள். அத்தை அம்பாங் பெச்சாவுக்குத் திரும்பவேயில்லை. ராவாங்கில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து, பிறகு அந்தத் தொழிற்சாலை ஆட்களை ஏற்றும் வேனையே ஓட்டினாள்.

ஆனால் இதெல்லாம் பின்னால் நடந்தவை. அந்தத் திங்கட்கிழமை காலையில் நல்ல மழை. அப்பா என்னைக் காரில் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனார். ஆபீஸ் மேட்டில் பாதி ஏறும்போது குறுக்கே ஒரு டிராக்டர் வந்தது. அப்பா நிறுத்தி, அது போனதும் அந்த மேட்டிலேயே காரைக் குலுங்காமல் எடுத்தார். எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம்.

“அப்பா! உங்களுக்கு வந்துருச்சு! மண்டோர் தாத்தாகிட்ட ஓடிப்போய்ச் சொல்லட்டுமா, இப்ப அத்தைய கொண்டுபோய் விட்டுரலாம்னு?”

கார் ஒரு குதி குதித்து, நடுமேட்டில் நின்றுவிட்டது.

“பாத்தியா? இன்னும் வரலம்மா,” என்றார் அப்பா.

பாவம் அப்பா, எவ்வளவு முயன்றும் அவரால் முடியவில்லையே என்று, பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை நான் வருத்தப்பட்டுக்கொண்டே இருந்தேன்.