நாடா முடிச்சு

அந்த ஆறு வாரமும் அம்மாவுக்குப் பாவாடை நாடா கட்டிவிட்டது நான்தான். தாம்பரம் ஸ்டேஷன் படியில் சறுக்கி விழுந்ததில் அவளுக்கு வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டிருந்தார்கள். எண்பதுகளின் கடைசி. அப்பா போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மாடம்பாக்கம் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். விழுந்த நான்காம் நாளே ஊரப்பாக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டாள். போர்டில் எழுதத்தானே கை வேண்டும், பாடம் வாயால் நடத்தலாமே என்பது அவள் கட்சி.

காலையில் ஆபீஸ் அவசரத்தோடு அவள் முன்னால் முட்டி போட்டு உட்காருவேன். வலது இடுப்பில் மடித்த கைக்குட்டை ஒன்றை வைத்து அழுத்திக்கொள்வாள். நாடா உறுத்தாமல் இருக்கவாம். "இன்னும் இழு, கூட்டத்துல நழுவிடும்" என்பாள். இழுப்பேன். எனக்கு அதில் ஒரு சின்ன எரிச்சல்கூட உண்டு, அதனால் கொஞ்சம் பலமாகவே இழுப்பேன்.

ஐந்தாவது வாரம் ஒரு நாள் கைக்குட்டை நழுவிக் கீழே விழுந்தது. அதில் சீழும் ரத்தமும். இடுப்பில், முடிச்சு வந்து உட்காரும் அதே இடத்தில், ஒரு ரூபாய் அளவுக்குப் புண். ஓரம் தடித்து உயர்ந்திருந்தது, நடுவில் பள்ளம்.

"எத்தனை நாளா இருக்கு இது?"

"அது கிடக்கு விடு. ட்ரெயினுக்கு நேரமாச்சு."

"எத்தனை நாளாம்மா?"

"நீ காலேஜ்ல படிச்சப்போ வேர்க்குரு மாதிரி வந்துது."

நான் காலேஜ் முடித்தே மூன்று வருடம் ஆகியிருந்தது. இத்தனை காலமும் பவுடர் போட்டாள், தேங்காய் எண்ணெய் தடவினாள். பக்கத்துத் தெரு டாக்டரிடம் இடுப்பில் சொறி என்று மட்டும் சொல்லிக் களிம்பு வாங்கினாள். காட்டவில்லை. புடவைக்குள் இருப்பதை யாரிடம் காட்டுவது என்று என்னையே கேட்டாள். எனக்கு அவளை உலுக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் ஒரு மாதமாக அந்தப் புண்ணின் மேல் முடிச்சுப் போட்டவள் நான். எந்த வாயால் அவளைத் திட்டுவது?

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு துண்டு கிள்ளி டெஸ்டுக்கு அனுப்பினார்கள். தோல் கேன்சர் என்று வந்தது. நாடா இறுக்கி, உரசி உரசி, ஆறாத புண்ணில் இப்படி வருவதுண்டு, புடவை கட்டும் பெண்களிடம் பார்த்திருக்கிறேன் என்றார் சர்ஜன். புண்ணைச் சுற்றி நீல மையால் ஒரு வட்டம் போட்டார். புண்ணைவிட வட்டம் ரொம்பப் பெரிது.

"நல்ல தோலை எதுக்கு சார் எடுக்கணும்?" என்றாள் அம்மா, கிளாசில் கேள்வி கேட்கிற குரலில்.

"கண்ணுக்குத் தெரியாம அதுக்கு அடியிலயும் ஓடியிருக்கலாம்மா."

கையெழுத்து நான் போட்டேன். எதற்குப் போடுகிறேன் என்று படித்துப் பார்த்தேன், ஒரு வரியும் மண்டையில் ஏறவில்லை.

ஆபரேஷன் அன்று தியேட்டர் வாசலில் உடை மாற்றச் சொன்னார்கள். காலையில் பழக்கத்தில் நான் இறுக்கிப் போட்ட முடிச்சு அவிழவில்லை. நகத்தால் பிரித்தேன், பல்லால் கடித்தேன். ஆயாம்மா பொறுத்துப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, இப்புடி இறுக்கி கட்டிகினு வந்துகீறீங்க, நவுரு" என்று கத்திரிக்கோலை எடுத்து நாடாவை வெட்டிவிட்டாள். கதவு மூடிக்கொண்டது. வெட்டுப்பட்ட நாடா என் கையில். இரண்டு மணி நேரத்துக்கு மேல் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேறெதுவும் செய்வதற்கு இல்லை.

தொடையிலிருந்து தோல் எடுத்து இடுப்பில் ஒட்டியிருந்தார்கள். பத்து நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. ஓரமெல்லாம் சுத்தம், தொடை இடுக்கில் நெறி கட்டவில்லை, இப்போதைக்குப் பயமில்லை என்றார் சர்ஜன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை காட்ட வேண்டும். நாடாவை இறுக்கவே கூடாது. மறுபடி ஒரே இடத்தில் உரசினால் மறுபடி வரலாம்.

நான் சும்மா இருக்கவில்லை. நாடாவை உருவிவிட்டு நாலு விரல் அகலத்தில் மெத்தென்று ஒரு துணிப் பட்டை தைத்தேன். பள்ளிக்குத் திரும்பிய முதல் நாள் அதைத்தான் கட்டிக்கொண்டு போனாள். மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டாள். எட்டாம் கிளாசில் போர்டில் எழுதக் கையைத் தூக்கியதும் கொசுவமெல்லாம் மொத்தமாகக் கீழே இறங்கிவிட்டதாம். இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவள். பட்டையை மடித்து என் மேஜைமேல் வைத்தாள்.

"இதைத் தலையணைக்கு வச்சுக்கோ. பசங்க சிரிச்சிருந்தாக்கூடப் பரவாயில்ல. எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க."

மறுநாள் பழைய நாடாப் பாவாடையை எடுத்து உடுத்தினாள். கட்ட மாட்டேன் என்றேன். வேலையை விட்டுவிடு என்றேன். ரிடையர் ஆக இன்னும் மூன்று வருடம் இருக்கிறது என்றாள். தானே கட்டிப் பார்த்தாள். கட்டுப் பிரித்த மணிக்கட்டில் பலமே இல்லை. நாடா நழுவி நழுவி, ஒட்டிய தோலின் மேலேயே வந்து விழுந்தது. அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. முன்னால் போய் முட்டி போட்டேன்.

அம்மா திரும்பி இடது இடுப்பைக் காட்டினாள். "முடிச்சு இந்தப் பக்கம் வரட்டும்."

"எவ்ளோம்மா இறுக்கணும்?"

"நேத்து மாதிரி ஆகாத அளவுக்கு."

ஒரு கீறல் இல்லாத நல்ல தோல். நாடா அதில் பதிகிற வரைக்கும் இழுத்து முடிச்சுப் போட்டேன்.