மொமொனே போகுவாவும் மகள் வாய் நாற்றமும்

டெச்சிமான் ஊர்ச் சந்தையில் போகுவாவின் கடைக்கு யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. மூக்கு இருந்தால் போதும். தக்காளி வரிசையைத் தாண்டியதும் காற்று கனக்க ஆரம்பிக்கும். இன்னும் பத்தடி வைத்தால் கண்ணில் தண்ணீர் வரும். அங்கே நீல வலை போர்த்திய மேசைக்குப் பின்னால் இடுப்பில் கைவைத்து, "என்ன, மூக்கைச் சுளிக்கிற? உங்க வீட்டுக் குழம்புல போடுறது சந்தனமோ?" என்று ஒருத்தி கேட்பாள். அவள்தான் போகுவா.

அவள் விற்பது மொமொனே. மீனை இரண்டு மூன்று நாள் கெட்டுப்போக விட்டு, உப்பில் புதைத்து, அரைகுறையாகக் காயவைத்து எடுப்பது. கருவாடெல்லாம் இதன் பக்கத்தில் பூக்கடை. ஆனால் சேப்பங்கீரைக் குழம்பில் இதில் விரல்நுனி அளவு விழாவிட்டால் அந்த ஊரில் ஒருத்தருக்கும் சோறு இறங்காது. எல்லாருக்கும் வேண்டும், வாங்குவதை மட்டும் யாரும் பார்க்கக் கூடாது. பாதிரியார் மனைவி மூன்று பையில் சுற்றி, மேலே முட்டைக்கோஸ் வைத்து மறைத்து எடுத்துப் போவாள். இந்தத் திருட்டுத்தனத்தைப் பார்த்தால் போகுவாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். பதினேழு வயதில் இந்த மேசைக்குப் பின்னால் நின்றவள், முப்பத்திரண்டிலும் நிற்கிறாள். மூன்றாம் நாள் மீனா நாலாம் நாள் மீனா என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவாள். கடைக்கு முன்னால் மூக்கைப் பொத்தியவன் எவனும் அவள் வாயிலிருந்து தப்பியதில்லை. ஒருமுறை ஒரு போலீஸ்காரரையே, "பொத்தின கையை எடுத்துட்டுப் பேசுங்க, இல்லாட்டி ஒரு மாசத்துக்கு உங்க வீட்டுக்கு மீன் கிடையாது" என்று மிரட்டினாள். அவர் எடுத்துவிட்டார்.

அப்பேர்ப்பட்டவளின் நாலு வயது மகள் செர்வாவுக்கு வாய் நாறியது.

சாதாரண நாற்றமில்லை. காலையில் பல் விளக்கி, வாய் கொப்பளித்து, புதினா மிட்டாய் ஒன்று போட்டு அனுப்பினாலும், பாலர் பள்ளியில் முதல் பாட்டு முடிவதற்குள் பக்கத்துப் பிள்ளைகள் பாயோடு நகர்ந்து போய்விடுவார்கள். ஊர் வாய் சும்மா இருக்குமா? "மொமொனே மேசைக்கடியில வளருற பிள்ளை வேற எப்படி இருக்கும்? உடம்பு முழுக்க ஊறிப் போச்சு" என்று ஒரே தீர்ப்பு. டீச்சரும் அதையே கொஞ்சம் நாசூக்காகச் சொன்னாள். லாரி ஓட்டும் கணவன் மாதம் இரண்டு தடவை வருகிறவன். அவனும் முத்தம் கொடுக்கக் குனிந்து, பாதியில் நிமிர்ந்து, "பால்பல் விழுந்தா சரியாயிரும்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

"இது என் மீன் நாத்தம் இல்ல!" என்று போகுவா தொண்டை கிழியக் கத்தினாள். "பதினஞ்சு வருஷமா மோந்து பாக்குறேன், எனக்குத் தெரியாதா? இது வேற நாத்தம்!" யார் நம்புவார்கள்? மொமொனேக்காரிக்கு மூக்கு என்று ஒன்று இருக்கிறது என்பதையே ஊர் ஒப்புக்கொள்ளவில்லை.

வெளியே கத்தினாளே தவிர, உள்ளே பயந்து போயிருந்தாள். வைத்தியம் என்று யார் எதைச் சொன்னாலும் செய்தாள். வேப்பங்குச்சி, உப்பு, அடுப்புக்கரி, கிராம்பு, எலுமிச்சம்பழம் எல்லாம் ஆயிற்று. வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தாள். இரண்டு பூச்சி வந்தது, நாற்றம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாதிரியாரிடம் கூட்டிப் போனாள். அவர் பிள்ளையின் தலையில் கைவைத்து, கண்ணை மூடி, உருகி ஜெபம் செய்தார். முடிவில் செர்வா அண்ணாந்து அவர் முகத்துக்கு நேரே பலமாக "ஆமென்!" என்றாள். பாதிரியார் இரண்டு அடி பின்னால் போய்ப் பாடகர் குழு மேல் சாய்ந்தார்.

இத்தனை நடந்தபோதும் பக்கத்து மேசைத் தக்காளிக்காரி மான்சாவோடு போகுவாவுக்குப் பேச்சு இல்லை. அது வேறு கதை. ஒன்றரை மாதத்துக்கு முன்னால் கடையிலேயே செர்வாவின் இடுப்பு மணிச்சரம் அறுந்துபோனது. அங்கே எந்தப் பெண்குழந்தையும் இடுப்பில் மணிச்சரம் இல்லாமல் வளராது. சிதறிய மணிகளை மேசைக்கடியில் ஊர்ந்து பொறுக்கி எண்ணினால், மஞ்சள் மணி ஒன்று குறைகிறது. அந்த நேரம் பார்த்து மான்சாவின் சிவப்புக் கோழி அங்கே கொத்திக்கொண்டு நின்றது. போதாதா? "உன் கோழிதான் முழுங்கிருச்சு!" என்று இவள் சொல்ல, "என் கோழி என்ன நகைக்கடைத் திருடியா?" என்று அவள் சொல்ல, இரண்டு நாள் போகுவா ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு அந்தக் கோழியின் பின்னாலேயே அலைந்து, அது போட்டதையெல்லாம் கிளறிப் பார்த்தாள். மணி கிடைக்கவில்லை. கோழி மிரண்டு ஒரு வாரம் முட்டையிடவில்லை. அன்றைக்கு நின்ற பேச்சுதான்.

அப்புறம்தான் குமாசி நகரத்திலிருந்து அண்ணன் பெதியாகோ வந்தார். அவர்கள் வழக்கத்தில் பிள்ளை தாய்வீட்டுப் பிள்ளை. அப்பன் சொல் ஒரு பக்கம் என்றால் தாய்மாமன் சொல் பத்துப் பக்கம். அண்ணன் ஏதோ ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா, தேய்த்த வெள்ளைச் சட்டை, மடித்த கைக்குட்டை. அந்தக் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலேயே பேசினார்.

"போகுவா, பிள்ளைக்கு ஒரு பேர் இருக்கு, அதை விட்டுட்டு ஊரே 'மொமொனேக் குட்டி'ங்குது. உன் பொழைப்புக்காக அது வாழ்க்கை நாறணுமா? ஒண்ணு கடையை மூடு. இல்ல, அடுத்த சனிக்கிழமை நான் வந்து அவளை குமாசிக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்கேயே படிக்கட்டும்."

"அண்ணே, இது மீன் நாத்தம் இல்லண்ணே..."

"அப்ப என்ன, ரோஜாப்பூவா?"

போகுவா மேசைமேல் இருந்த மீனையும் அதன் அடியில் இருந்த மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். கடையை மூடினால் அவள் யார்? மகளை அனுப்பினால் அவள் யாருக்கு அம்மா? அந்த வாரம் முழுக்க எடையில் தப்பு விட்டாள். மூக்கைப் பொத்தியவர்களைக்கூடத் திட்டவில்லை. சந்தையே கவலைப்பட்டது.

வெள்ளிக்கிழமை அரசு மருத்துவ நிலையத்து நர்ஸ் கொனாடு வழக்கம்போல மூன்று பையோடு வந்தாள். மேசைக்கடியிலிருந்து செர்வா எழுந்து, "சிஸ்டர், உங்க செருப்பு அழகா இருக்கு" என்றாள். கொனாடு பின்வாங்கவில்லை. குனிந்து இன்னொரு தடவை மோந்தாள்.

"போகுவா, இது மொமொனே நாத்தம் இல்லையே."

போகுவா எடைத்தட்டை அப்படியே போட்டுவிட்டு மேசையைச் சுற்றி ஓடிவந்தாள். "சிஸ்டர், இன்னொரு தடவ சொல்லுங்க!"

"வாரம் மூணு நாள் திங்கிறவளுக்குத் தெரியாதா? இது வேற. ஏன், பிள்ளைக்கு சளி ஒழுகுதே, எத்தனை நாளா?"

"புழுதிக் காத்துல்ல சிஸ்டர், எல்லாப் பிள்ளைக்கும்தான் ஒழுகுது."

"எல்லாப் பிள்ளைக்கும் ரெண்டு பக்கமும் ஒழுகும். இவளுக்கு வலது பக்கம் மட்டும்தான் ஒழுகுது, பாரு. நாத்தம் வாயிலருந்து வரல, மூக்குலருந்து வருது. நாளைக்குக் காலைல கூட்டிட்டு வா. நீயா எதையும் விட்டு நோண்டாத, உள்ள போயிரும்."

சனிக்கிழமை காலை. செர்வாவின் துணிமூட்டையைக் கட்டச் சொல்ல வந்த பெதியாகோ, வீட்டில் ஆளில்லாததால் மருத்துவ நிலையத்துக்கே வந்து, வாடகைக் காரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே நுழைந்தார். கொனாடு விளக்கடித்துப் பிள்ளையின் மூக்கைப் பார்த்தாள். "அடி ஆத்தி! உள்ள மஞ்சளா என்னமோ மினுங்குது. சுத்தி அழுகிப் போய்க் கிடக்கு." இடுக்கியை எடுத்ததும் செர்வா போட்ட கூச்சலில் வெளியே நின்ற ஆடுகள் ஓடின.

"சரி, இடுக்கி வேண்டாம். வேற வழி இருக்கு. சொந்தக்காரங்க ஒருத்தர் பிள்ளையோட வாயில வாயை வச்சு, ஒரே மூச்சா ஊதணும். நான் இடது மூக்கை அமுக்கிக்கிறேன். உள்ள இருக்கிறது வெளிய வரும்." கொனாடு சுற்றிப் பார்த்தாள். சிரிக்காமல்தான் சொன்னாள், ஆனால் அந்தப் பொம்பளை சரியான குசும்பு. "இனிமே பிள்ளையை வச்சுக்கப் போறது மாமாதானே? வாங்க சார், நீங்களே ஊதுங்க."

பெதியாகோ எழுந்தார். ஒரு அடி வைத்தார். மாமா வருகிறார் என்று செர்வா சமர்த்தாக வாயைத் திறந்து காட்டினாள். அவ்வளவுதான், கைக்குட்டை தானாக மூக்குக்குப் போனது, கால் தானாக வாசலுக்குப் போனது. "எனக்கு... எனக்கு மூச்சு பத்தாது சிஸ்டர். ரத்த அழுத்தம்."

போகுவா அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கவில்லை. மகளை மடியில் இழுத்துப்போட்டு, ஒன்றரை மாதமாக ஒருவரும் கிட்டே வராத அந்த வாயில் தன் வாயை முழுசாக வைத்து ஊதினாள். அந்த நாற்றம் அவள் தொண்டை வரை போனது. பரவாயில்லை, போகட்டும். முதல் ஊதலில் சளி வந்தது. இரண்டாவதில் செர்வாவுக்குச் சிரிப்பு வந்தது. மூன்றாவதில் டொப்பென்று ஒரு சத்தம். மஞ்சளாக ஒன்று பறந்து, வாசலில் நின்ற பெதியாகோவின் வெள்ளைச் சட்டைப் பையின்மேல் போய் ஒட்டியது. மணி!

கொனாடு பஞ்சில் எடுத்துத் துடைத்துக் காட்டினாள். சரத்தில் குறைந்த அதே மணிதான். போகுவாவுக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தச் சிவப்புக் கோழி. "ஐயோ, மான்சாக்கா மூஞ்சில எப்படி முழிப்பேன்!" என்று தலையிலடித்துக்கொண்டாள். அப்புறம் மகளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். நடுவில் அண்ணனைப் பார்த்து, "என் மீன் இல்லன்னு சொன்னேன்ல? சொன்னேனா இல்லையா?" என்று கேட்கவும் மறக்கவில்லை.

பெதியாகோ சட்டையைத் துடைத்தபடி, "சரிம்மா, சரி. பிள்ளை உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார். சொல்லிவிட்டுக் காரை அனுப்பப் போனார்.

அப்போதுதான் கொனாடு, "ஏன்டி கண்ணு, அதைக் கொண்டுபோய் மூக்குல எதுக்கு வச்ச?" என்று கேட்டாள்.

செர்வா இரண்டு மூக்காலும் நன்றாக ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "மீன் நாறுச்சு. அடைச்சா நாறாதுன்னு வச்சேன். இன்னொரு மூக்குக்கு வைக்கிறதுக்குள்ள அம்மா மிச்ச மணியெல்லாம் பொறுக்கிட்டா."

கொனாடு விழுந்து விழுந்து சிரித்தாள். வாசலில் பெதியாகோ திரும்பி, "அப்ப மீனாலதான..." என்று ஆரம்பித்தவர், தங்கையின் கையில் இருந்த மணியைப் பார்த்ததும் வேகமாகக் காரைப் பார்த்து நடந்தார். போகுவாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"பாவி மகளே, நாறுதுன்னு அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்றவங்களை எல்லாம் நீ திட்டுவியே."

போகுவா மகளின் மூக்கைத் துடைத்துவிட்டு, மணியைத் துணி முனையில் முடிந்துகொண்டாள்.

அன்று மாலையே ஒரு கூடை முட்டையும் கைநிறைய மொமொனேயும் எடுத்துக்கொண்டு போய் மான்சாவிடம் மன்னிப்புக் கேட்டாள். கோழியிடமும் கேட்கச் சொன்னாள் மான்சா. கேட்டாள். திங்கட்கிழமையிலிருந்து பள்ளி விட்டதும் செர்வா உட்காருவது காற்றுக்கு எதிர்ப்பக்கம் மான்சாவின் தக்காளி மேசையில். சந்தைக்காரர்கள் இன்னொன்றையும் கவனித்தார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு வருகிறவர்களைப் போகுவா இப்போது முறைப்பதோடு நிறுத்திக்கொள்கிறாள். உதடு துடிக்கும், இடுப்புக்குக் கை போகும், கண் ஒருமுறை தக்காளி மேசைப் பக்கம் ஓடித் திரும்பும். "என்ன வேணும்?" என்று மட்டும் கேட்பாள்.

அங்கிருந்து செர்வா, கோழியை மடியில் வைத்துக்கொண்டு, சந்தைக்கே கேட்கிற குரலில் கத்துவாள்: "அம்மா, இங்கேயும் நாறுது!"

"நாறும்டி, நாறட்டும்! நீ சொல்லு, சொல்லிக்கிட்டே இரு!" என்று போகுவாவும் கத்துவாள்.