துறையூர்ப் பெண்களும் என் சம்பந்தியும்

என் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் காலேஜ் மைதானம் முழுசாகத் தெரியும். கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த நாளிலிருந்து, துணி காயப்போடுகிற சாக்கில் ஃபுட்பால் பார்த்து வருகிறேன். அப்போது பையன்கள் மட்டும் ஆடினார்கள், இப்போது பெண் பிள்ளைகளும் ஆடுகிறார்கள். கார்னர் தெரியும், பெனால்டி தெரியும், எந்த ரெஃபரிக்குக் கண் மங்கல் என்பதும் தெரியும். ஆஃப்சைடு மட்டும் இன்றுவரை பிடிபடவில்லை. பேப்பரை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் விளையாட்டுப் பக்கத்தைக் கூட்டி முடிக்காமல் நான் மடித்து வைத்ததில்லை.

போன வருஷம் பெண்கள் காலேஜ் போட்டியில், அரையிறுதிக்கு நாலு டீம் போகவேண்டும். மூன்று முடிவாகிவிட்டது. நாலாவது இடத்துக்குத்தான் தகராறு. ஒரு பக்கம் டவுனில் இருக்கும் பழைய காலேஜ். வருஷா வருஷம் உள்ளே வருகிற டீம், இந்த முறை பலசாலிகளோடு மோதி ஓர் ஆட்டம் தோற்றிருந்தது. இன்னொரு பக்கம் துறையூர்ப் பக்கம் புதிதாக வந்த காலேஜ். அவர்கள் வேறு பிரிவில் ஆடி, ஒன்றில்கூடத் தோற்கவில்லை. யாரைச் சேர்ப்பது என்று மூன்று பேர் கூடிச் சொல்லவேண்டும். அந்த மூவரில் ஒருவர் என் மாப்பிள்ளை. அவர் வேறொரு காலேஜில் பி.டி. மாஸ்டர்.

நான் பிறந்தது துறையூர். மாப்பிள்ளையின் அம்மா, அதாவது என் சம்பந்தி, படித்தது அந்தப் பழைய காலேஜ். டீச்சராக இருந்து ரிட்டயராகி, ஸ்ரீரங்கத்தில் மகன் மருமகளோடு இருக்கிறார். அவருக்கென்ன, பெற்ற பிள்ளை. காலையில் மகன் பல் தேய்க்கும்போதே, "டேய், எங்க காலேஜை விட்டுடாதடா" என்று சொல்லிவிடலாம். நான் மாமியார். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க மாப்பிள்ளை" என்பதைத் தாண்டி அவரிடம் பேசிப் பழக்கமில்லை. எதிரே போய் நின்று, எங்கள் ஊரைச் சேருங்கள் என்று கேட்பேனா? மாட்டேன்.

சம்பந்தியோடு போனில் வாதாடினேன், மரியாதையாகத்தான்.

"பதினோரு பேரைச் சேர்க்கவே திண்டாடுற காலேஜோட ஆடி ஆறு கோல் போட்டா, அதெல்லாம் ஒரு ஜெயிப்பா சம்பந்தி?" என்றார்.

"எதிர்ல யாரை நிறுத்துறாங்களோ அவங்களைத்தானே ஜெயிக்க முடியும்? அதுக்கு எங்க பிள்ளைங்க என்ன பண்ணும்?"

"எங்க காலேஜ் யார்கிட்ட தோத்துச்சுன்னு பாருங்க."

"யார்கிட்டயா இருந்தா என்ன, தோத்தது தோத்ததுதானே சம்பந்தி."

"நீங்க சொன்னா சரிதான்," என்று போனை வைத்துவிட்டார். சம்பந்திகள் அப்படிச் சொன்னால், நீ சொன்னது ஒன்றும் சரியில்லை என்று அர்த்தம். அவர் பேச்சிலும் நியாயம் இருந்ததென்று எனக்குத் தெரியும். அதை அவரிடம் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகளும் மாப்பிள்ளையும் சாப்பிட வந்தார்கள். மாப்பிள்ளையிடம் நேராகத்தானே பேசக்கூடாது, ஜாடையாகப் பேச யார் தடுத்தது? அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். திரைச்சீலை இடுக்கில் விரித்த பேப்பர் தெரிந்தது. பேப்பருக்குப் பின்னால் மாப்பிள்ளை. தேங்காய் துருவிக்கொண்டே, மகளிடம் சொல்வதுபோல் கூடத்துக்குக் கேட்கிற மாதிரி ஆரம்பித்தேன்.

"ஏண்டி, ஒரு வீட்டுல பழைய அண்டா ஒண்ணு இருக்காம். அடியில ஓட்டை. ஆனாலும் எந்தக் கல்யாணம்னாலும் அதைத்தான் தூக்கிட்டுப் போறாங்களாம். ஏன்னு கேட்டா, பழைய அண்டாவாம், பெரிய வீட்டு அண்டாவாம். புதுசா, பளபளன்னு ஒண்ணு வாசல்ல நிக்குது, அதை ஏன்னு கேக்க நாதியில்ல."

"அம்மா, சும்மா இரும்மா," என்றாள் மகள். மாப்பிள்ளைக்காகச் சொல்கிறாள் என்று நினைத்து, அண்டாவின் ஓட்டையை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கிச் சொன்னேன்.

பிறகு காபியை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். பேப்பர் இறங்கியது. பின்னால் என் சம்பந்தி. நான் அடுப்படியில் இருந்த நேரத்தில், சொல்லாமல் பஸ் ஏறி வந்திருக்கிறார். மாப்பிள்ளை அம்மாவை ஃபேனுக்கடியில் உட்கார வைத்துவிட்டு, வாழையிலை வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார்.

"எனக்குக் காபி வேண்டாம் சம்பந்தி. ஓட்டை அண்டாவுல எதை ஊத்தி என்ன?"

"ஐயோ, நான் உங்களைச் சொல்லலீங்க. காலேஜைச் சொன்னேன்."

"அந்தக் காலேஜ்லதான் நானும் படிச்சேன்."

பெண்ணைக் கொடுத்த வீட்டில் சம்பந்தி காபியை வேண்டாம் என்றால் அது சின்ன விஷயமா? நாளைக்கு என் மகள் அந்த வீட்டுக்குத்தானே போகவேண்டும். தம்ளரின் சூடு கையைச் சுட்டது. எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

மாப்பிள்ளை இலைக்கட்டோடு வந்தார். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"கமிட்டியிலயும் இதே கதைதான் அத்தை. மத்த ரெண்டு பேர்ல ஒருத்தர் டவுனு, ஒருத்தர் துறையூர். நான் எந்தப் பக்கம் சொன்னாலும் ஒரு வீட்டுல எனக்குச் சோறு கிடையாது. அதனால ரெண்டு டீமும் மோதிப் பாக்கட்டும்னு சொல்லிட்டேன். புதன்கிழமை சாயங்காலம், இதே மைதானத்துல."

சம்பந்தி சாப்பிட்டார், கொஞ்சமாக. சாப்பிட்ட பிறகும் காபி வேண்டாம் என்றார்.

புதன்கிழமை மொட்டை மாடியில் இரண்டு நாற்காலி போட்டுவிட்டுக் காத்திருந்தேன். வருவாரா மாட்டாரா என்பதே என் கவலையாக இருந்தது. துறையூர்ப் பிள்ளைகள் மைதானத்தில் ஓடி உடம்பைச் சூடுபண்ணிக்கொண்டிருந்ததுகூட மனதில் ஒட்டவில்லை. ஆட்டம் தொடங்குகிற நேரத்துக்குப் படியேறி வந்தார். கையில் குடை, பையில் ஃபிளாஸ்க். அவர் வீட்டுக் காபி! பாதி ஆட்டத்தில் மூடியில் ஊற்றி, என்னைப் பார்த்து, "குடிக்கிறீங்களா?" என்றார். "இப்பத்தான் குடிச்சேன்," என்றேன். குடிக்கவில்லை.

டவுன் டீம் நன்றாக ஆடியது, பொய் சொல்லக்கூடாது. பந்தை அவர்கள் காலிலிருந்து பிடுங்கவே முடியவில்லை. துறையூர்க் கோல்கீப்பர் பிள்ளை விழுந்து விழுந்து தடுத்து, சட்டையெல்லாம் மண். முடியப்போகிற நேரத்தில் பின்னாலிருந்து யாரோ ஓங்கி ஒரு உதை. ஒல்லியாக ஒரு துறையூர்ப் பிள்ளை துரத்திக்கொண்டு ஓடி, ஒரே தட்டு. கோல்!

நான் கத்தவில்லை. மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அது ஆஃப்சைடு," என்றார் சம்பந்தி.

"எனக்கு அது தெரியாதுங்க. நீங்க சொன்னா சரிதான்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சொன்னதன் அர்த்தம் அவருக்குத் தெரியாதா? சிரித்துவிட்டார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

விசில் ஊதியதும் ஃபிளாஸ்க்கை ஆட்டிப் பார்த்தார். காலி. "காபி கிடைக்குமா?" என்றார். எனக்கு மூட்டு வலி உண்டு. ஆனால் அன்றைக்குப் படி இறங்கினதே தெரியவில்லை. பின்னாலேயே வந்தவர், நான் தம்ளரில் ஊற்றத் தயங்குவதைப் பார்த்து, "நல்லாவே ஊத்துங்க சம்பந்தி, ஒழுகாது," என்றார்.

அரையிறுதியில் துறையூர்ப் பிள்ளைகள் நாலு கோல் வாங்கினார்கள். அன்றும் சம்பந்தி வந்திருந்தார், ஃபிளாஸ்க் இல்லாமல். நாலாவது கோல் விழுந்தபோது என் பக்கம் சாய்ந்து, "எங்க பிள்ளைங்களா இருந்தா ரெண்டோட நிறுத்தியிருப்பாங்க," என்றார்.

"இருக்கலாம் சம்பந்தி. சர்க்கரை போதுமா?"

"போதும் போதும்."

கீழே துறையூர்ப் பிள்ளைகள் தோற்ற கையோடு, மைதானத்து நடுவில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.