சாவு வீட்டு விமர்சனம்

எழில்மொழி நாவலாசிரியை. பத்திரிகையில் கலைப் பகுதி எழுதுகிறவளும்கூட. எங்கள் வியாசர்பாடி பிளாக்கில் மூன்றாவது மாடி. தண்ணீர் லாரி வந்தால் அவளும் குடத்தோடு இறங்கியாக வேண்டும். நாவல் எழுதினால் அதற்கு விலக்கு இல்லை.

அப்பா வரதன் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். மகளுக்குப் புத்த விகாரில் வைத்து நல்ல தமிழ்ப் பெயராகச் சூட்டிவிட்டு, அன்று சாயங்காலத்திலிருந்தே ‘எழிலு’ என்றுதான் கூப்பிட்டார். ராயபுரத்தில் படித்தாள், மவுண்ட் ரோட்டில் பத்திரிகை வேலைக்குப் போனாள். சபாக் கச்சேரி, நாடகம், ஓவியக் கண்காட்சி, எதற்குப் போனாலும் விமர்சனம். எவ்வளவு புகழ்ந்தாலும் கடைசிப் பத்தியில் ஒரு குட்டு வைக்காமல் விடமாட்டாள். சடையங்குப்பத்து வெள்ளத்தைப் பற்றி அவள் எழுதிய நாவலுக்கு ஒரு பரிசும் கிடைத்தது. வரதன் அதைப் படித்து முடிக்க ஒரு மழைக்காலம் ஆனது.

“அல்லாம் உண்மைதான். அதுக்கு இன்னாத்துக்கு இத்தினி பக்கம்?” என்றார். தன் நாவலுக்கு வந்ததிலேயே உருப்படியான விமர்சனம் அதுதான் என்று எழில்மொழி இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

வம்பு எங்கள் வீட்டில் ஆரம்பித்தது. என் பெரியப்பா செத்துப்போனார். வழக்கம்போல ஜெயவேலைக் கூப்பிட்டு கானா வைத்தோம். டிரெய்லர் லாரி ஓட்டிப் பிழைக்கிறவன்தான், ஆனால் சாவு வீட்டில் அவன் வாயைத் திறந்தால் கடன்காரன்கூட அழுவான். செத்தவர் பெயர், பார்த்த வேலை, பிள்ளைகளின் பெயர் எல்லாம் கேட்டுக்கொண்டு மைக்கைப் பிடிப்பான். அன்றைக்கு எழில்மொழியும் வந்திருந்தாள். நன்றாகவே அழுதாள். வீட்டுக்குப் போய் விமர்சனம் எழுதினாள்.

குரலைப் பற்றி நல்லவிதமாகத்தான் சொல்லியிருந்தாள். குட்டு கடைசியில் வந்தது. யார் செத்தாலும் ‘ஏழைக்கு அள்ளிக் கொடுத்தவரு’ என்று இவர் பாடிவிடுகிறார், எங்கள் பிளாக்கில் அள்ளுகிற அளவுக்கு யாரிடம் என்ன இருந்தது என்று கேட்டிருந்தாள். பெரியப்பா விஷயத்தில் அது நியாயமான கேள்விதான். இரவல் வாங்கிய குடையைக்கூடத் திருப்பித் தராத மனுஷன். அதற்காக? சாவு வீட்டுக்கு வந்து டீயும் குடித்துவிட்டுப் போய் மார்க் போடுவதா? அந்த ஆத்திரத்தில் நான் பேப்பர் வாங்குவதையே நிறுத்தினேன்.

ஜெயவேல் இனி வரதன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான். இடி விழுந்தது வரதன் தலையில். அவருக்கு நுரையீரல் கெட்டுப்போய், ஆஸ்பத்திரியிலும் கையை விரித்துவிட்டார்கள். ஜெயவேல் பாடித்தான் தன்னைத் தூக்க வேண்டும் என்பது அவருக்கு இருந்த ஒரே ஆசை. தான் எழுதியதில் என்ன பொய் இருக்கிறது என்று மகள் வாதாடினாள்.

“உண்மைய வச்சிகினு நீயே தூக்கினு போ என்னை” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அதோடு அவளிடம் பேச்சை நிறுத்தினார்.

எழில்மொழி எண்ணூர் சாலைக்குப் போனாள். துறைமுகத்துக்குள் போகக் காத்து நிற்கிற டிரெய்லர் வரிசையில் ஜெயவேலின் வண்டியும் நின்றது. அது நகராது, அவனும் தப்பிக்க முடியாது. கேபினில் ஏறி உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டாள். அவன் முன்னால் நின்ற கன்டெய்னரைப் பார்த்துக்கொண்டே சொன்னானாம்:

“வரேன். ஆனா என் பாட்டு பாட மாட்டேன். நைனாவப் பத்தி நீ இன்னா சொல்றியோ அத்த மட்டும்தான் பாடுவேன். உண்மையா சொல்லு.”

வரதன் இதைக் கேட்டுச் சரி என்று தலையாட்டினார். மகளோடு மறுபடி பேசவும் ஆரம்பித்தார். அவளோ அப்பாவைப் பற்றிய உண்மைகளைச் சேகரிக்க ஆரம்பித்தாள். என்னிடமும் வந்து கேட்டாள். அவர் குடித்தது, குடியை விட்டது, சம்பள நாளில் அவளைப் பழைய புத்தகக் கடைக்குக் கூட்டிப்போனது, பெண்டாட்டி போன பிறகு மகளுக்குத் தானே ஜடை பின்னியது, அதுவும் கோணலாக. நல்ல சரக்கு. எங்கள் பெரியப்பாவுக்கு இப்படி ஒன்று அமையவில்லையே என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஆடி மாதத்தில் ஒரு காலை வரதன் போய்ச் சேர்ந்தார். மத்தியானத்துக்குள் பிளாக் வாசலில் பந்தல் போட்டு, ஐஸ் பெட்டி வந்து, ஜெயவேலுக்கு எப்போதும் தாளம் போடுகிற பாரி டோலக்கோடு உட்கார்ந்துவிட்டான். ஜெயவேல் சொன்னபடி வந்தான். மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு எழில்மொழி பக்கம் குனிந்தான்.

“சொல்லும்மா. இன்னா பாடட்டும்?”

அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். கூட்டம் முழுக்க அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. ஜடை பின்னியதைச் சொல்லு என்று நான் பின்னாலிருந்து முணுமுணுத்தேன். அது அவள் காதில் ஏறவில்லை.

“ஏழைக்கு அள்ளிக் குடுத்தாருன்னு பாடுண்ணா” என்றாள்.

ஜெயவேல் சிரிக்கவில்லை. பாரியிடம் தலையசைத்துவிட்டு அதையே முதல் அடியாக எடுத்தான். அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எனக்கும்தான்.