விளைமீன் தலையால் கை நனைந்த கதை

இன்று மத்தியானம் ராமநாதபுரத்தில் ஒரு மெஸ்ஸில், என் பேத்தி கல்யாணம் பாதி முடிந்துவிட்டது!

மாப்பிள்ளை வாயில் மீன். பொண்ணு அந்த இடத்திலேயே இல்லை.

விஷயம் இதுதான். காலையில் பேத்தி கௌசல்யாவைப் பெண் பார்க்கக் கடலாடியிலிருந்து வந்தார்கள். பையன் பிரபு, மண்டபம் ஊரில் ஐஸ் கம்பெனியில் சூப்பர்வைசர். கூட அவனுடைய பெரியப்பா.

பையன் வாயைத் திறக்கவே இல்லை. இரண்டு பேர் பேச்சையும் பெரியப்பாவே பேசிவிட்டார்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் முடிவாகும்வரை பையன் வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். காபி குடிக்கலாம், சாப்பிடக்கூடாது. சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம்.

காபியைக் குடித்துவிட்டு எழுந்தார்கள்.

"ஊருக்குப் போயி கலந்துக்கிட்டுச் சொல்லி விடுறோம்ங்கய்யா" என்றார் பெரியப்பா.

இதற்கு முன்னால் மூன்று பேர் இதையே சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருவரும் சொல்லி விடவில்லை!

பேத்தியிடம் கேட்டேன். "ஏத்தா, பையன் எப்டி?"

"நல்லாத்தான் இருக்காக தாத்தா. அந்தப் பெரியப்பா கொஞ்சம் மூச்சு விட்டிருந்தா அவுகளும் பேசியிருப்பாக."

முந்தின மூன்று பேருக்கும் அவள் உதட்டைப் பிதுக்கியவள். இப்போது 'நல்லாத்தான்' என்கிறாள். கை நழுவிப் போகிறதே என்று எனக்கு ஒரே வருத்தம்.

வருத்தம் வந்தால் எனக்குப் பசிக்கும். பஸ் ஏறி மெஸ்ஸுக்குப் போய்விட்டேன். (வீட்டில் சாம்பார். அதுவும் ஒரு காரணம்.)

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ஒரே ஒரு இடம்தான் காலி. போய் உட்கார்ந்தால்... எதிரே பிரபுவும் பெரியப்பாவும்!

பெரியப்பா கையிலிருந்த அப்பளம் நொறுங்கிவிட்டது.

"பஸ்ஸுக்கு நேரமிருந்துச்சு, அதான்..."

"அட, சாப்புடுங்க! ஹோட்டலுக்கு யாரும் வரலாம்" என்று சிரித்துப் பேசிவிட்டுக் கை கழுவப் போனேன்.

அதற்குள் எல்லாம் நடந்துவிட்டது.

அங்கே பரிமாறுகிறவர் காதர். சுவரில் என்னென்ன இருக்கிறது என்று போர்டு எழுதியிருக்கிறார்கள். எனக்கு எழுத்து தெரியாது, காதர்தான் என் போர்டு. ஞாயிறுதோறும் எனக்கென்று குழம்பில் ஒரு விளைமீன் தலையை எடுத்து வைத்திருப்பார்.

நான் திரும்பி வந்தபோது அந்தத் தலை பிரபு இலையில் கிடந்தது. கன்னத்துச் சதை காலி. பையன் கண்ணை மூடிக்கொண்டு எலும்பை உறிஞ்சுகிறான்.

"காதரு, எனக்கு வச்ச தலை எங்கன?"

"தம்பிக்கு வச்சுட்டேன்ங்கய்யா. சிரிச்சுப் பேசுனீகளே! வீட்டு விருந்தாளிக்கு வைக்காம நீங்க திங்கவா போறீக?"

பெரியப்பா எழுந்துவிட்டார். "ஏலே பிரபு! அது பொண்ணு வீட்டு மீனுடா! துப்புடா!"

"முழுங்கிட்டேன் பெரியப்பா."

(என் எதிரில் அவன் பேசிய முதல் வார்த்தை. குரல் நன்றாகவே இருந்தது.)

பக்கத்து டேபிளிலிருந்து ஒருவர், "அப்பக் கை நனைச்சாச்சு!" என்றார்.

"ஹோட்டல்ல தின்னது செல்லாது! வீட்டுல தின்னாத்தான்!" என்றார் பெரியப்பா.

எனக்குப் படிப்பு இல்லை. ஆனால் ஒருமுறை பார்த்த முகத்தை மறக்க மாட்டேன். இந்த மூக்கை எங்கே பார்த்தோம் என்று காலையிலிருந்து மண்டையைக் குடைந்தது. 'செல்லாது' என்றபோது அது விடைத்தது பாருங்கள், பிடித்துவிட்டேன்!

"அந்தக் காலத்துல உங்க தங்கச்சியப் பொண்ணு பாக்க முதுகுளத்தூர்ல இருந்து ஒரு கூட்டம் வந்துச்சே, அதுல நானும் வந்தேன்."

"நீங்களா?"

"பஸ் ஸ்டாண்டுல ஆளுக்கொரு பன்னீர் சோடா வாங்கிக் குடுத்தீக. எங்காளுக யோசிச்சுச் சொல்றோம்னாக. அப்ப நீங்க என்ன சொன்னீக?"

பெரியப்பா நொறுங்கின அப்பளத்தை அடுக்க ஆரம்பித்தார்.

"'சோடா குடிச்சாலும் கை நனைச்சதுதான், மரியாதையா நாள் குறிங்க'ன்னு பஸ்ஸ மறிச்சு நின்னீக. பச்சைக் கோடு போட்ட சட்டை. பித்தான் ஒண்ணு இல்ல. குறிச்சோமா இல்லையா?"

"குறிச்சீக..."

"தங்கச்சி நல்லாருக்காகளா?"

"மூணு பேரப்புள்ளைக."

மெஸ்ஸே சிரித்தது. காதர் ரசத்தைத் தரையில் ஊற்றிவிட்டார்.

பெரியப்பா லேசுப்பட்ட ஆள் இல்லை. "சரிங்கய்யா, உங்களுத நாங்க தின்னுட்டோம். இப்ப எங்களுத நீங்க தின்னுருங்க. நேருக்கு நேர் கழிஞ்சு போகும்" என்று பக்கத்து ஐஸ்கிரீம் கடைக்கு இழுத்துப் போனார்.

பலூடா வந்தது. சேமியா, சப்ஜா விதை, மேலே ஐஸ்கிரீம், அதற்கும் மேலே செர்ரி. எனக்குச் சர்க்கரை வியாதி. ஆனால் பேத்தி வாழ்க்கையாயிற்றே! கண்ணாடித் தம்ளரின் அடிவரை போனேன்.

கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னேன். "இப்ப ரெண்டு பக்கமும் கை நனைச்சாச்சு. பூ வைக்க என்னைக்கு வாரீக?"

பெரியப்பா வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

அந்த இடைவெளியில் பிரபு புகுந்துவிட்டான். "தாத்தா, அவுகளுக்கும் ஒரு பலூடா பார்சல் சொல்லவா? சுத்தி ஐஸ் வச்சுக் கட்டித் தாரேன். வீடு போற வரைக்கும் கரையாது."

வீட்டுக்கு வந்து பேத்தியிடம் நடந்ததைச் சொன்னேன்.

"இங்க பாருத்தா, நாங்க தின்னது எங்க கூத்து. இத நீ தின்னாத்தான் சம்மதம். வேணாம்னா மூடி வச்சுரு. நான் பேசிக்கிறேன்."

டப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பத்து நிமிடம் கழித்து வந்தாள். டப்பா காலி. எனக்கு ஒரு செர்ரிகூட வைக்கவில்லை!

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது.

"அய்யா, பொண்ணு சாப்புட்டுச்சா?" என்றார் பெரியப்பா.

"சொரண்டிச் சாப்புட்டுருச்சு!"

"பெரியப்பா, போன இங்கன குடுங்க" என்று பிரபுவின் குரல் கேட்டது. நானும் என் போனைப் பேத்தி கையில் கொடுத்துவிட்டேன்.

அது சாயங்காலம் நாலு மணி. இப்போது ஆறரை. இந்தப் பதிவை மருமகள் போனில் மைக்கை அமுக்கிப் பேசிப் போடுகிறேன்.

என் போன் எப்போது கைக்கு வரும்? அனுபவப்பட்ட தாத்தாக்கள் யாராவது சொல்லுங்களேன்!